சோப்பக்கா கழுவிய பாட்டில்கள்

கழுவியது குற்றமா? நீங்களே சொல்லுங்கள். கையில் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில் வருகிறது. அடியில் இரண்டு சொட்டு, தண்ணீர் மாதிரி என்னவோ ஓடுகிறது. அதில்தான் நாம் குடிக்கிற தண்ணீரைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நான் கழுவினேன். சும்மா அலசவில்லை. சோப்புப் போட்டு, வெந்நீர் விட்டு, மூன்று தடவை கழுவி, வெள்ளைத் துண்டின்மேல் கவிழ்த்துக் காயவைத்தேன். இருபத்திரண்டு வருடமாகச் சலவைக் கடை நடத்துகிறவள் நான். தெருவில் என் பெயரே சோப்பக்காதான். அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காது.

அது அழுக்கு இல்லையாம். அதைச் சொல்ல ஆறு மாதம் கழித்து ஒருத்தி வந்தாள்.

முதலில் இருந்து சொல்கிறேன், இல்லாவிட்டால் எனக்கே தலையும் புரியாது வாலும் புரியாது. எங்கள் தெருக்கோடியில் நின்றால் எரிவாயு எடுக்கிற இடத்தின் இரும்புக் கோபுரம் தெரியும். அது வந்து நான்கு வருடம் ஆகிறது. வந்த கையோடு என் கடைக்கும் வேலை வந்தது. அங்கே வேலை செய்கிறவர்களின் சீருடை முழுக்க என்னிடம்தான் துவைக்க வருகிறது. முழங்கால் வரை சேறு, முழங்கை வரை கிரீஸ். கம்பெனியைத் திட்டுவதும் நான்தான், அவர்கள் துணியைத் துவைப்பதும் நான்தான். இதில் எது நியாயம் என்று யாராவது கேட்டால் அவர்கள் முகத்தில் சோப்பு நுரையை வீசத் தோன்றும், அவ்வளவு எரிச்சல் எனக்கு.

இரண்டு வருடம் ஒன்றுமில்லை. அப்புறம் தெருவில் போர்வெல் தண்ணீர் வாடை அடிக்க ஆரம்பித்தது. ஒரு நாள் அடிக்கும், மூன்று நாள் அடிக்காது. ஒரு வீட்டில் அடிக்கும், பக்கத்து வீட்டில் "எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே" என்பார்கள். எங்கள் தெரு நர்ஸம்மாதான் முதலில் பன்னிரண்டு வீட்டுத் தண்ணீரையும் பிடித்து நகரத்து லேபுக்கு அனுப்பினார். நான்கு வீடுகளில் எண்ணெயோடு சேர்ந்து வருகிற ஒரு ரசாயனம் அளவுக்கு மேல் இருந்தது. அந்த நான்கில் ஒன்று என் தங்கச்சி வீடு.

கம்பெனி சும்மா ஒத்துக்கொள்ளுமா? மூன்று மாதம் சண்டை போட்டோம். கடைசியில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். வாரத்துக்கு மூன்று நாள் கம்பெனி தண்ணீர் லாரி அனுப்பும். மாதாமாதம் தெருக்காரர்கள் சேர்ந்து அமைத்த எங்கள் தண்ணீர்க் குழுவே மாதிரி பிடித்து லேபுக்கு அனுப்பும். தொடர்ந்து ஆறு மாதம் நல்ல தண்ணீர் என்று வந்தால் லாரி நின்றுவிடும். கடைசியில் ஒரு வரி: மாதிரி பிடிப்பதில் குழு பிழை செய்தது தெரிந்தால், அந்த வேலை கம்பெனி கைக்குப் போய்விடும். "தண்ணி பிடிக்கிறதுல என்னய்யா பிழை வரப் போகுது?" என்று அன்றைக்குச் சிரித்தது யார்? நான்தான்.

நர்ஸம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் நேரம் மாறியதும் பாட்டில் வேலை என்னிடம் வந்தது. எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். குழாயை ஐந்து நிமிடம் திறந்து விட வேண்டும், விளிம்பு வரை நிரப்ப வேண்டும், உள்ளே ஒரு காற்றுக்குமிழிகூட நிற்கக் கூடாது, மூடி இறுக்கி ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். "மத்ததெல்லாம் பெட்டியில தாள் இருக்கு, படிச்சுக்கோங்க" என்றார். தாள் இருந்தது. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. யார் படித்தார்கள்?

முதல் பெட்டியைத் திறந்தபோதே எனக்கு மூக்கில் வேர்த்தது. ஏனென்றால் லேபிலிருந்து பெட்டி வருவது கம்பெனி வண்டியில். எல்லாப் பாட்டிலிலும் அந்த இரண்டு சொட்டு. அடப்பாவிகளா, வழியிலேயே மருந்து போட்டு அனுப்புகிறீர்களா, ரசாயனத்தை மறைக்கிற மருந்து! யார் காதில் பூ சுற்றுகிறீர்கள்? ஒன்றும் பேசாமல் பன்னிரண்டையும் கழுவினேன். குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. செயலாளர் எங்கள் வாத்தியார். நல்ல மனிதர், ஆனால் ஓட்டை வாய். காலையில் அவரிடம் சொன்னது சாயங்காலம் கம்பெனி ஆபீஸில் இருக்கும். அங்கே இருக்கிற மக்கள் தொடர்பு அதிகாரிக்கு எந்த நேரமும் முப்பத்திரண்டு பல்லும் தெரியும். நாங்கள் அவரைச் சிரிச்ச மூஞ்சி என்போம். நான் கழுவுவது தெரிந்தால் அவர் வேறு தந்திரம் பண்ணுவார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

முதல் மாதம் முடிவு வந்தது: பன்னிரண்டு வீடும் நல்ல தண்ணீர். இரண்டாவது மாதம், நல்ல தண்ணீர். மூன்றாவது மாதமும் அப்படியே. மற்றவர்களாவது சந்தேகப்பட்டார்கள். நான் துளிகூடச் சந்தேகப்படவில்லை. என் கையால் கழுவிய பாட்டில் பொய் சொல்லுமா?

தங்கச்சி என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து இப்போதுதான் உண்டாகியிருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் அந்தக் கோபுரத்தில்தான் வேலை செய்கிறார், இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். அவர் இல்லாத நாளில் தெருமுனை லாரியிலிருந்து அவளுக்கும் சேர்த்து நான்தான் கேன் தூக்கினேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அலுத்துவிட்டது. இடுப்பு விட்டுப்போனது. கடையில் துணி மலையாகக் கிடந்தது. மூன்றாவது முடிவு வந்த அன்றைக்கு அவளிடம் சொன்னேன்.

"இனிமே லாரித் தண்ணி எதுக்குடி? உன் வீட்டு போர் தண்ணியே குடி. நல்லா இருக்கு."

"நெஜமாவாக்கா? நாலு மாசம் கூட ஆகல எனக்கு. பயமா இருக்கே."

"பாட்டில் என் கையில இருக்கறப்ப உனக்கு என்னடி பயம்?"

குடித்தாள். மூன்று மாதமாகக் குடிக்கிறாள். இப்போது அவளுக்கு ஏழாவது மாதம்.

போன வியாழக்கிழமை ஆறாவது முடிவும் வந்தது. நல்ல தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம், கையெழுத்துப் போட்டால் லாரி நின்றுவிடும். அதே வியாழக்கிழமை மத்தியானம் ஒரு பெண் கடை வாசலில் வந்து நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும், தோளில் பை, முகமெல்லாம் புழுதி. துணி கொடுக்க வந்தவள் என்று நினைத்தேன்.

"நான் லேப்ல இருந்து வர்றேம்மா. புதுசா சேர்ந்திருக்கேன். பழைய பதிவெல்லாம் பார்த்தேன். உங்க ஊர் பாட்டில் மட்டும் ஆறு மாசமா மருந்து இல்லாம வந்திருக்கு. மேல யாரும் கவனிக்கல. ஏன்னு நேர்ல பார்த்துட்டுப் போகலாம்னு..."

அவள் பேச்சு பாதியில் நின்றது. இஸ்திரி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உபரியாக வந்த பாட்டில்களை அங்கே துண்டின்மேல் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தேன், பளபளவென்று.

"அம்மா, இதைக் கழுவினீங்களா?"

"பின்னே? அழுக்கோட பிடிக்கச் சொல்றியா?"

"எல்லா மாசமுமா?"

"எல்லா மாசமும்தான். மூணு தடவை, வெந்நீர்ல."

அவள் அங்கே கிடந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கும். அதில் அந்த ரசாயனம் இருந்தால், லேபுக்குப் போகிற மூன்று நாளில் கிருமிகள் அதைத் தின்றுவிடும். அந்த இரண்டு சொட்டு அமிலம் கிருமிகளை நிறுத்திவைக்கும். அதைக் கழுவிவிட்டால், பிடித்தபோது தண்ணீரில் என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

"அப்ப தண்ணி கெட்ட தண்ணியா?" என்றேன்.

"அப்படியும் சொல்ல முடியாதும்மா. நல்லாவும் இருந்திருக்கலாம்."

"அப்ப நல்ல தண்ணின்னு சொல்லு."

"அதையும் சொல்ல முடியாது."

"என்னடி இது, அதுவும் முடியாது, இதுவும் முடியாதுன்னா எதுக்குப் படிச்சே?" என்று கத்திவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்? கோபித்துக்கொள்ளவில்லை. பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"முடிவை ரத்து பண்ணணும்னா, மாதிரி பிடிச்சவங்க பிழைன்னு எழுதிக் கொடுக்கணும். இல்லேன்னா வந்த முடிவு அப்படியே நிக்கும். எங்க மேலதிகாரி அதைத்தான் சொல்வார். நீங்க யோசிச்சு எழுதுங்க."

அவள் போனதும் கடையைப் பூட்டினேன். இயந்திரத்துக்குள் ஈரத்துணி அப்படியே கிடந்தது. என் இருபத்திரண்டு வருடத்தில் அப்படிப் போட்டுவிட்டுப் போனதில்லை.

தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அவள் கால் நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நேராகக் குழாயைத் திறந்து கையில் பிடித்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி முகர்ந்தேன், இலேசாகப் பெட்ரோல் வாடை. அது தண்ணீரா, கறை எடுக்க நாளெல்லாம் பெட்ரோல் தொடுகிற என் கையா? கையைக் கழுவிவிட்டு முகரலாம் என்றால் கழுவுவதும் அதே தண்ணீர். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

"என்னக்கா, மூக்கை வச்சுப் பார்க்கற?"

"ஒண்ணுமில்ல. நீ இனிமே லாரித் தண்ணி குடி. நான் தூக்கிட்டு வர்றேன்."

"ஞாயித்துக்கிழமையோட லாரி நிக்குதே. நீதானே போர் தண்ணி நல்லாயிருக்குன்னே?"

"அதுவரைக்கும் குடி."

"ஏன்க்கா? ஏதாவது வந்திருக்கா?"

வாய் வரை வந்தது. அவள் வயிற்றைப் பார்த்தேன். "சும்மாதான்டி, எதையாவது கேட்டுக்கிட்டே இருப்பியே" என்று எரிந்து விழுந்துவிட்டு வெளியே வந்தேன். பயந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் நான் தெரு திரும்புகிற வரைக்கும் அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியாரிடம் போனேன், வேறு யாரிடம் போவது? அவர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படிவத்தைப் பார்த்தார்.

"எதுக்கும்மா கழுவினீங்க?"

"கம்பெனிக்காரன் ஏதோ போட்டிருக்கான்னு நினைச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"உங்ககிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நிதானமாகவே பேசினார். நான் எழுதிக் கொடுத்தால் லாரி நிற்காது, உண்மைதான். ஆனால் ஒப்பந்தத்தின் கடைசி வரிப்படி இனிமேல் பாட்டில் கம்பெனி கையில். அவர்களே பிடிப்பார்கள், அவர்களே அனுப்புவார்கள், ஆறு மாதத்தில் நல்ல தண்ணீர் என்று வந்துவிடும். அப்புறம் எவன் கேட்பான்?

"உங்க தங்கச்சிக்கு மட்டும் சொல்லிடுங்க. வேற எங்கயாவது தண்ணி பிடிச்சுக்கட்டும். மத்த வீட்டுக்கும் மெதுவா நானே காதுல போடறேன். படிவம் வேண்டாம்மா. இந்தப் பாட்டிலை வாங்க நாம மூணு மாசம் தெருவுல உக்காந்திருந்தோம்."

அவர் சொன்னதும் சரிதான். எழுதினால் பாட்டில் போகிறது. எழுதாவிட்டால் லாரி போகிறது. தண்ணீரே நல்ல தண்ணீராக இருந்துவிட்டால்? எதற்கு இவ்வளவு கூத்து? கெட்ட தண்ணீராக இருந்தால்? அதற்கு மேல் யோசிக்க முடியாமல் மனது நொண்டியது. வெள்ளியும் சனியும் அப்படியே போயின. ஒரு துணிக்கு இரண்டு தடவை சோப்புப் போட்டேன், இன்னொன்றுக்குப் போடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றாம் வகுப்பு அறை. சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் பெரியவர்கள் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தோம். சுவரில் பெருக்கல் வாய்ப்பாடு. சிரிச்ச மூஞ்சி முன்னால் நின்று ஆறு மாத முடிவையும் வாசித்தார். பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் கை தட்டினார்கள். தங்கச்சி கடைசி பெஞ்சில், முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டு, அவளும் தட்டினாள். எதற்குத் தட்டுகிறோம் என்று தெரியாமலே தட்டுகிறாளே என்று எனக்குத் தோன்றியது. பேனா என்னிடம் வந்தது. மாதிரி பிடித்தவள் முதலில் கையெழுத்துப் போட வேண்டும்.

எழுந்து நின்றேன். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. கழுவினேன் என்றேன், ஆறு மாதமும் கழுவினேன் என்றேன், அந்தச் சொட்டு எதற்கு என்று லேப் பெண் சொன்னதைச் சொன்னேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டு மேசையில் வைத்தேன். வாத்தியார் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"அய்யோ, எங்க வீட்ல எல்லாரும் அதைத்தானே குடிக்கிறோம்!" என்றது ஒரு குரல்.

"கம்பெனித் துணி துவைக்கிறவதானே! அவங்க சொல்லித்தான் கழுவியிருப்பா" என்றார் மெக்கானிக். எங்கள் குழுக்காரர், போன வாரம்கூட என் கடையில் டீ குடித்தவர்.

கம்பெனியை நம்பாமல் கழுவியவளுக்குக் கம்பெனி ஆள் என்று பெயர். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சிரிச்ச மூஞ்சி மட்டும் பதறவில்லை. "உண்மையைச் சொன்னதுக்கு ரொம்ப நன்றிம்மா" என்று ஒப்பந்தத்தைப் புரட்டினார். லாரி தொடரும் என்றார். இனிமேல் மாதிரி பிடிப்பது கம்பெனி பொறுப்பு என்றார். அவர் எதற்குச் சந்தோஷப்பட்டார், நாங்கள் எதற்குப் பயந்தோம், நாங்கள் ஜெயித்தோமா தோற்றோமா, எனக்கு இந்த நிமிடம் வரைக்கும் புரியவில்லை.

அப்போதுதான் தங்கச்சி எழுந்தாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

"அக்கா, நான் மூணு மாசமா குடிச்சது நல்ல தண்ணியா, கெட்ட தண்ணியா?"

"தெரியலடி."

"உனக்குத் தெரியாதா?" எதற்கும் என்னிடம் ஒரு பதில் இருக்கும் என்று அவளுக்குப் பழக்கம். நம்பாமல் என்னையே பார்த்தாள். அப்புறம் நர்ஸம்மா பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க."

நர்ஸம்மா எழுந்து போய் அவள் கையைப் பிடித்தார். "இப்ப சொல்ல முடியாதும்மா. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா, பார்க்கலாம்."

"பார்த்தா தெரிஞ்சிடுமா?"

நர்ஸம்மா பிடித்த கையைத் தட்டிக்கொடுத்தார். தங்கச்சி வாத்தியாரைப் பார்த்தாள், அவர் தரையைப் பார்த்தார். சிரிச்ச மூஞ்சியைப் பார்த்தாள். முதல் தடவையாக அந்த மனிதர் வாயை மூடி நின்றார்.

"இத்தனை பேர் இருக்கீங்க, ஒருத்தருக்குக்கூடத் தெரியாதா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வெளியே லாரி ஹாரன் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை முறை. எல்லோரும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் கேன் எடுக்க வீட்டுக்கு ஓடினார்கள். மூன்று மாதமாக லாரிப் பக்கமே வராத ஆட்கள்கூட வரிசையில் நின்றார்கள், மெக்கானிக் உட்பட. யாரும் என்னோடு பேசவில்லை. தங்கச்சி தன் கேனோடு வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் நான் ஓடிப்போய்க் கேனின் பிடியைப் பிடித்தேன்.

"கொடுடி. இந்த நிலைமையில நீ தூக்கக் கூடாது."

அவள் பிடியை விடவில்லை. கோபம் இல்லை அவள் முகத்தில். கோபப்பட்டால் எப்படிச் சமாளிப்பது என்று எனக்குத் தெரியும், எங்கள் இரண்டு பேருக்கும் அது தினசரி வேலை. இது வேறு.

"விடுக்கா. நீ கொண்டு வந்தா எனக்குக் குடிக்கத் தோணாது."

விட்டேன். கேனில் பாதிதான் பிடித்தாள். ஒரு கையை இடுப்பில் கொடுத்து, மறு கையில் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவள் வீடு போய்ச் சேருவதற்குள் இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள். இரண்டு தடவையும் நான் ஓர் அடி எடுத்து வைத்தேன், இரண்டு தடவையும் நின்றுவிட்டேன்.